ஏ40ஐ மலை ஏத்துறது

"ஏ40இல நுவரெலியாவுக்குப் போறம், ரேஸ் பாக்க. அங்க கூடாரம் அடிச்சு மூண்டு இரவு தங்கப்போறம்" என்று வீடுகளில் சொன்னபோது மூன்று வகைப் பதில்கள் வந்தன. முதலாவது சிரிப்பு. இரண்டாவது, "ஏன், பஸ் ஓடேல்லையோ?" மூன்றாவதைச் சொன்னவர் எங்களில் ஒருத்தியின் அம்மா. அடுப்படியில் நின்றவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "முகாமில கிடந்தது காணாதே உங்களுக்கு? காசு குடுத்துப் போய்த் திரும்பவும் தறப்பாளுக்குக் கீழ படுக்கப் போறியளோ?"

முதல் இரண்டுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. மூன்றாவதுக்கு அன்றைக்கு இருக்கவில்லை. இதை எழுதத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கார் எங்களில் ஒருவனுடைய அப்பப்பாவின் கார். 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 சோமசெற். பின்பக்கம் உருண்டு, முன்பக்கம் மூக்குப் பெருத்து, பார்க்கச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கிற பெரியவர் மாதிரி இருக்கும். 1200 சீசீ எஞ்சின், நாற்பதுக்குக் கொஞ்சம் மேல குதிரைவலு, கியர் தடி ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில. இங்கிலாந்தில் இந்த மொடலை 1952 முதல் 1954 வரைதான் செய்தார்கள். இலக்கத்தகட்டில் ஆங்கில எழுத்து. தகடுகளில் சிங்கள ஸ்ரீ வந்ததும், அதற்கு எதிராக 1958இல் இங்கே தார் பூசிப் போராடியதும் இந்தக் காருக்குப் பிறகு நடந்த கதைகள். தகட்டைப் பார்த்து "வடிவாயிருக்கு" என்று படம் எடுக்கிற ஆக்களுக்கு இதைச் சொன்னால் கொஞ்சம் முழுசுவினம்.

யாழ்ப்பாணத்தில் ஏ40 என்றால் இரண்டு கதைதான். ஒன்று கலியாணக் கார்: ரிபன், பூ, பின்கண்ணாடியில் பெயர்கள். மற்றது மண்ணெண்ணெய்க் கதை. 1990களில் பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, போத்தல் கணக்கில் விற்ற பெற்றோலுக்கு ஆனை விலை. சின்னப் போத்தல் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெயில் ஓட்டி, நிற்பாட்டுவதற்குக் கொஞ்சம் முதல் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றுவினம். இல்லாட்டி அடுத்த ஸ்ராட் வராது. புகையும் மணமும் ஊரையே தூக்கும். இதெல்லாம் உண்மை. எங்கட வீடுகளில் இதைக் கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தோம். புதுக் கார் ஒன்றும் வராத காலத்தில் இருந்ததைச் சாகவிடாமல் வைத்திருந்ததால்தான் இத்தனை ஏ40கள் இன்றைக்கும் இங்கே ஓடுகின்றன.

ஆனால் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அது ஒரு வீரக்கதையாக மாறிவிட்டது என்பது எங்கள் அபிப்பிராயம். 2022இல் பெற்றோல் கியூவில் நின்றபோது எத்தனை பெரியவர்கள், "உது என்ன, நாங்கள் மண்ணெண்ணெயில ஓடினனாங்கள்" என்று சொன்னார்கள்! அதே ஆண்டு ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியது. கரையில் வள்ளங்கள் இழுத்து விட்டபடி கிடந்தன. அவர்களுக்கு அந்தக் கதையால் ஒரு சொட்டு எண்ணெயும் வரவில்லை. மண்ணெண்ணெயில் ஓடினது கெட்டித்தனம்தான். ஆனால் அப்படி ஓட வேண்டி வந்தது பெருமைப்பட ஒன்றுமில்லாத விசயம். இரண்டையும் ஒரே வசனத்தில் சொல்லப் பழகினால் நல்லது.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை. எஞ்சினுக்குள்ளேயே கண்டோம். பயணத்துக்காகக் காரைக் கராஜுக்குக் கொண்டுபோய் ஹெட்டைக் கழற்றியபோது, ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவில் ஒரு கஸ்கற்றுக்குப் பதிலாக இரண்டு இருந்தது. கராஜ் ஐயா சிரித்தார். "இது என்ர கை வேலையாத்தான் இருக்கும்" என்றார். மண்ணெண்ணெய்க்கு அமுக்கம் கூடினால் எஞ்சின் தட்டும். கஸ்கற் ஒன்றை மேலதிகமாக வைத்தால் அறை கொஞ்சம் பெரிதாகி அமுக்கம் குறையும், தட்டாது. வலு குறையும்தான், ஆனால் கார் ஓடும். அந்தக் காலத்தில் அது போதும். யுத்தம் முடிந்து இத்தனை வருசம், கோயிலுக்கும் கலியாணத்துக்கும் பெற்றோலில் ஓடின காருக்குள் தடைக்காலம் அப்படியே நசிந்து கிடந்திருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியாது.

எடுக்கிறதா, விடுகிறதா என்று எங்களுக்குள் இரண்டு நாள் வாக்குவாதம். "அது வரலாறு, அப்படியே விடவேணும்" என்று ஒரு பக்கம். "அந்த வரலாறோட றம்பொடை ஏறேலாது" என்று மறுபக்கம். கடைசியில் பெரும்பான்மை வென்றது: எடுத்தோம், புதுக் கஸ்கற் ஒன்றே ஒன்று போட்டோம். பழையதை அப்பப்பா ஒரு பேப்பரில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். ஓடுகிற காருக்குள் நினைவுச்சின்னம் வைக்கக்கூடாது என்பதில் நாங்கள் இப்போதும் உறுதியாக இருக்கிறோம். காருக்குள் இருக்கவேண்டியது ஓடுவதற்கான சாமான்.

அடுத்தது தண்ணீர். இது யாழ்ப்பாணத்துக் கார்களுக்கே உரிய வருத்தம். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிற அதே சுண்ணாம்பு, எழுபது வருசமாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றப்பட்ட றேடியேற்றரின் குழாய்களுக்குள்ளும் படிந்திருக்கும். இங்கே ஓடும்போது அது தெரியாது. யாழ்ப்பாணத்துக் காருக்கு ஏற்றம் என்றால் வீட்டு கேற்றடி மேடுதான். கண்டியிலிருந்து நுவரெலியா அப்படி இல்லை. 77 கிலோமீற்றர் அளவு தூரத்துக்குள் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்துக்குப் போகவேணும். உயரம் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் தண்ணீர் கொதிக்கிற வெப்பநிலை ஏறக்குறைய ஒரு பாகை குறையும். ஆகவே மேலே போகப் போக எஞ்சினுக்கு வேலை கூட, தண்ணீருக்குத் தாங்கிற சக்தி குறைய. நுவரெலியாவில் திறந்த சட்டியில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். காற்றும் அங்கே ஐந்தில் ஒரு பங்கு ஐதாக இருப்பதால் நாற்பது குதிரையில் ஏழெட்டுக் குதிரை வழியிலேயே இறங்கிவிடும். காபரேற்றர் மட்டும் பழைய கணக்கில் பெற்றோல் ஊத்திக்கொண்டிருக்கும். கறுப்புப் புகை வரும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஏன் என்று தெரிந்திருக்கவேணும்.

றேடியேற்றரைக் கழற்றி, மேல்தட்டைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுக் குத்தி எடுத்தோம். வந்த கழிவைப் பார்த்தால் அரைவாசிக் குழாய் வேலை செய்யவே இல்லை. இப்போது மழைத்தண்ணீர் பிடித்து வைத்து கூலன்ற் கலந்து ஊற்றியிருக்கிறோம். ஹோஸ்களும் பான் பெல்ற்றும் புதிது. பழைய பெல்ற்றை எறியாமல் டிக்கிக்குள் வைத்திருக்கிறோம். பெற்றோல் பம் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஏற்றத்தில் சூடேறி, குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகி, கார் நின்றுவிடும். அதற்கு மருந்து ஒரு ஈரத்துணியும் பத்து நிமிடப் பொறுமையும். இரண்டாவது எங்களிடம் குறைவு.

இனிப் பிறேக். இந்த விசயத்தில் நாங்கள் கொஞ்சம் சத்தமாகவே கதைக்கப் போகிறோம்.

பழைய கார் வைத்திருக்கிற பெடியளின் படங்களைப் பாருங்கள். பெயின்ற், குரோம், வெள்ளை வளையம் போட்ட ரயர், சைலன்சர் சத்தம். காருக்குக் கீழே படுத்து பிறேக் பைப்பைப் படம் எடுத்துப் போட்டவர் ஒருவரை நாங்கள் இன்னும் காணவில்லை. இந்தக் காரில் பிறேக் எண்ணெய் போகிறது ஒரே வழியில். இந்தக் காலத்துக் கார்களில் போல இரண்டு தனி வழிகள் இல்லை. நாலு சில்லில் எந்தச் சில்லின் குழாய் வெடித்தாலும் நாலுக்கும் பிறேக் இல்லை. கையில் ஹான்ட்பிறேக் மட்டும் மிஞ்சும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பல வருசம் மாற்றாத எண்ணெயில் தண்ணீர் சேர்ந்திருக்கும். இறக்கத்தில் தொடர்ந்து பிறேக்கை மிதித்தால் டிரம் சூடாகி, அந்தத் தண்ணீர் ஆவியாகி, பெடல் தரை வரைக்கும் போகும். மிதிச்சவருக்கு அந்த ஒரு கணத்தில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட சனம் செத்தது நாங்கள் போகப்போகிற அதே கண்டி - நுவரெலியாப் பாதையில்தான். அந்த வளைவை நாங்களும் கடக்கவேணும், போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை.

எங்களிடம் இருந்த காசு கொஞ்சம். அப்பப்பாவுக்குப் பெயின்ற் அடிக்க ஆசை. இடது பக்க மட்காட் வெயிலில் வெளிறி, பச்சை சாம்பலாகிவிட்டது. பெயின்ற்றுக்குக் கேட்ட காசில் நாலு சில்லுக்கும் பிறேக் வேலை மூன்று தரம் செய்யலாம். செய்தது ஒரு தரம்: சூக்களுக்குப் புது லைனிங், சில்லுச் சிலிண்டர்களின் றபர் எல்லாம் புதிது, மூன்று ஹோஸும் புதிது, இரும்பு பைப்புகளில் துரு பிடித்த இரண்டை மாற்றினோம், எண்ணெய் முழுக்கப் புதிது. மட்காட் இப்போதும் சாம்பல்தான். அப்பப்பா ஒரு கிழமை எங்களோடு சரியாகக் கதைக்கவில்லை. பிறகு ஒரு பின்னேரம் தானே ஓட்டிக்கொண்டு போய், முச்சந்தியில் சடாரென்று மிதித்துப் பார்த்துவிட்டு வந்து, "ம்" என்றார். அந்த "ம்" எங்களுக்குக் காணும்.

இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினமோ அந்தக் கியரில் இறங்கிறது என்பது கராஜ் ஐயாவின் கட்டளை. இரண்டாவது கியரில் எஞ்சின் கத்தும். பின்னால வான்காரன் ஹோன் அடிப்பான். அடிக்கட்டும். ஒதுங்கி இடம் விட்டால் சரி.

இந்த இடத்தில் ஒரு பக்கக் கதை. எங்களில் இந்தக் காரை மிக நன்றாக ஓட்டுவது ஒரு பெண். ஸ்ரியரிங் கியரைச் சத்தமில்லாமல் மாற்றத் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். கறீஸ் அடித்ததும் அவள்தான். முழங்கை வரைக்கும் கறுப்பு. ஆனால் கராஜில் யார் வந்தாலும் விளக்கம் சொல்வது பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பெடியளுக்கு. "தம்பி, இதைப் பாருங்கோ" என்று. தம்பிக்கு அது என்னவென்றே தெரியாது. ஐயாவும் முதல் கிழமை அப்படித்தான். இரண்டாவது கிழமையில் இருந்து ஸ்பானரை நேராக அவள் கையில் கொடுக்கிறார். சொல்லி மாறவில்லை, வேலையைப் பார்த்து மாறினார்.

காரில் பெல்ற் இல்லை. 1953இல் யாரும் போடவில்லை. "பழைய காரின்ர வடிவு கெட்டுப்போம்" என்ற கதையை நாங்கள் கேட்கத் தயாரில்லை. முன் சீற்றுக்கு இரண்டு இடுப்புப் பெல்ற், தரையில் தடித்த தகடு வைத்து போல்ற் போட்டுப் பூட்டினோம். பின் சீற்றில் ஆள் இல்லை, சாமான். கூரையில் ஒன்றும் கட்டுவதில்லை. பாரம் மேலே ஏறினால் வளைவில் கார் சாயும். ஆகவே ஆறு பேரில் இரண்டு பேர்தான் காரில். மற்ற நாலு பேரும் பஸ்ஸிலும் ரயிலிலும் நானுஓயா வரைக்கும். இதைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு: ஒரு தொன் நிறையுள்ள கார், நாற்பது குதிரை, ஆறு பேரையும் ஏற்றினால் மலை ஏறுகிறது காரில்லை, நாங்கள்தான், தள்ளிக்கொண்டு.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேணும். ஏ40இல் பற்றரியின் நேர்முனைதான் பொடியோடு பூட்டியிருக்கும், இப்போதைய கார்களுக்கு நேர்மாறு. அதை அறியாமல் எங்களில் ஒருவன் போன் சார்ஜ் பண்ண வயர் இழுத்தான். பொசுங்கின மணம் இரண்டு நாளாகக் காருக்குள் நின்றது. ஆகவே போனுக்குத் தனிப் பவர் பாங்க். டைனமோ தருகிற மின்சாரத்தில் முன்விளக்கு மெழுகுதிரி மாதிரித்தான் எரியும். மலையில் பனிப்புகார் இறங்கினால் அதுவும் இல்லை. இருட்டுக்குள் ஓடுவதில்லை என்று முடிவு. விடிய வெளிக்கிட்டு முதல் நாள் மாத்தளை, அடுத்த நாள் காலமை மலை.

சரி, எந்த ரேஸ்?

எங்களுக்குள் மிக நீளமாக நடந்த சண்டை இதுதான். காரைப் பற்றிக் கூட இவ்வளவு சண்டை பிடிக்கவில்லை. ஏப்ரலில் மலைநாட்டில் பெரிதாகப் பேசப்படுவது இரண்டு: தியத்தலாவையில் பொக்ஸ் ஹில், நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட. பொக்ஸ் ஹில் மண் பாதையில் பல கார்கள் ஒன்றாய் ஓடுகிற சுப்பர்குரோஸ். புழுதி, சத்தம், கூட்டம். அது நடப்பது இராணுவக் கல்லூரியின் நிலத்தில். மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி, 1934இல் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்து வளைவுப் பாதையில் ஒவ்வொரு காராக மேலே ஓடும், போட்டி கடிகாரத்தோடு.

பொக்ஸ் ஹில்லுக்குப் போகமாட்டோம் என்று எங்களில் இரண்டு பேர் முதலே சொல்லிவிட்டார்கள். "ஆமியின்ர மைதானத்தில போய்க் கைதட்டேலாது" என்பது அவர்களின் நிலைப்பாடு. ஒருவனுக்கு அது ஒத்துவரவில்லை. "ரேஸ் ஓடுறது ஆமி இல்லை. அங்க சிங்களப் பெடியள், முஸ்லிம் பெடியள், எல்லாரும்தான் வருவினம். நாங்கள் மட்டும் விலகி விலகி நிண்டா எங்கதான் போறது?" என்றான். இரண்டிலும் ஞாயம் இருக்கிறது. இதற்கு வாக்கெடுப்பு வைக்க நாங்கள் விரும்பவில்லை. ஒருத்தருக்குக் கால் கூசுகிற இடத்துக்கு மற்றவர்கள் வாக்குப் போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. இது எங்கள் குழுவின் எழுதாத சட்டம். கைதட்ட விருப்பமுள்ளவன் தனியாகப் போய்வரலாம். அவனை யாரும் துரோகி என்று சொல்லப் போவதில்லை.

அதைவிட வேறொரு காரணமும் இருந்தது. 2024 ஏப்ரல் 21, பொக்ஸ் ஹில்லில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஒன்று பார்த்துக்கொண்டு நின்ற சனத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒரு சின்னப் பிள்ளையும். காயப்பட்டவர்கள் இருபதுக்கு மேல். ஓட்டுநர்களுக்குத் தலைக்கவசம், கூண்டு, பெல்ற் எல்லாம் உண்டு. பார்க்க வந்த சனத்துக்கும் பாதைக்கும் நடுவில் என்ன இருந்தது? இதைக் கேட்கவேண்டியவர்கள் கேட்டார்களோ தெரியாது, நாங்கள் எங்களையே கேட்டோம்: அன்றைக்கு நாங்கள் போயிருந்தால் எங்கே நின்றிருப்போம்? வீடியோ நல்லாய் வருகிற இடத்தில். அதாவது வளைவின் வெளிப்பக்கம், பாதையின் கரையில். கார் வழுக்கினால் போகிற திசை அதுதான்.

ஆகவே மகாகஸ்தோட்டவிலும் எங்களுக்கு ஒரு சட்டம்: வளைவின் வெளிப்பக்கம் நிற்கிறதில்லை, பாதையின் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ நிற்கிறதில்லை, மேலே ஏறி உட்பக்கத்தில். வீடியோ வடிவாய் வராவிட்டால் போகட்டும். இதை வாசிக்கிற நீங்கள் எந்தப் போட்டிக்குப் போனாலும் இதை மட்டும் செய்யுங்கோ.

இனிக் கூடாரம்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் அறை எடுக்க எங்கட சேமிப்புக் காணாது. கூடாரம் என்ற யோசனை காசில்லாததால்தான் வந்தது. இயற்கையை ரசிக்க இல்லை. எங்கே அடிக்கிறது என்றபோது, எங்களோடு பல்கலைக்கழகத்தில் படிக்கிற மலையகத் தோழி ஒருத்தி தன் தாத்தாவின் லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்றாள். நாங்கள் துள்ளினோம். "தேயிலைக்கு நடுவில கூடாரம், காலமை எழும்பினா பனி, செம படம்" என்று எங்களில் ஒருவன் சொல்ல, அவள் முகம் மாறிவிட்டது.

"நீங்க வந்து தங்குங்க, சந்தோசம்தான். ஆனா எங்க பக்கம் டென்ட்டுன்னா மண்சரிவுன்னு அர்த்தம்" என்றாள். "மழை பெஞ்சா எங்க சனத்த ஸ்கூல்லயும் டென்ட்டுலயும் கொண்டுபோய் போடுவாங்க. மாசக்கணக்கா அங்கேயே கெடக்கும். நீங்க அங்க போட்டோ எடுக்கிறப்போ அத கொஞ்சம் நெனச்சுக்குங்க." 2014 ஒக்ரோபர் 29இல் மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனபோது அவள் பாடசாலைப் பிள்ளை. அந்தத் தோட்டம் அவளுடையது இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மழை பெய்த இரவுகளில் தன் அம்மா தூங்கியதில்லை என்றாள்.

அப்போதுதான் அடுப்படியில் கேட்ட கேள்வி எங்களுக்குத் திரும்பவும் வந்தது. முகாம். அந்த அம்மாவும் மகளும் 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தவர்கள். மூன்று லட்சத்துக்குக் கிட்டச் சனம் முள்ளுக்கம்பிக்குள் இருந்த காலம். 2012 செப்ரெம்பரில்தான் அது முழுதாக மூடப்பட்டது. எங்கள் தோழிக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு ஞாபகம் இருப்பது வெக்கை, தண்ணி லைன், தறப்பாளின் நீல வெளிச்சம். "அதுக்குள்ள இருந்து பாத்தா எல்லாற்ற முகமும் நீலமா இருக்கும்" என்று ஒருநாள் சொன்னாள். "கேம்பிங்" என்பதைத் தமிழில் எழுதும்போது நாங்கள் "முகாமிடல்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று பார்ப்பதில்லை.

அப்படியானால் போகக்கூடாதா? நாங்கள் அப்படி நினைக்கவில்லை. அதை எங்களுக்குச் சொன்னதும் அவள்தான். "நான் விரும்பி ஒரு கூடாரத்துக்குள்ள படுத்து, விரும்பின நேரம் கழட்டிக்கொண்டு வரவேணும். ஒருக்காவாவது" என்றாள். மலையகத் தோழியோடு இன்னொரு இரவு போனில் நிறையக் கதைத்தோம். தோட்டத்துக்குள் காரை விடுவதற்கு முதல் யாரிடம் கேட்கவேணும், குப்பையை எங்கே கொண்டுபோக வேணும், பீலித் தண்ணியை நாங்கள் எப்போது பிடிக்கலாம் என்று. காலமை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிற சனம் தண்ணி எடுக்கிற நேரம் நாங்கள் பல்லுத் தீட்டப் போய் நிற்கக்கூடாது. லயன்களைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கிறதில்லை. ரேஸ் முடிந்த இரவு பாட்டுச் சத்தம் இல்லை. இவ்வளவும் அவள் கேட்டவை இல்லை, நாங்களாக எழுதிக்கொண்டவை. அவள் கேட்டது ஒன்றுதான்: "யாழ்ப்பாணத்திலேர்ந்து வர்றப்போ பனங்கட்டி கொண்டு வாங்க."

அவளுடைய தாத்தாவும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். முதல் இரவு கூடாரம் கிடையாது, வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். விருந்தாளியை முதல் நாளே வெளியில் படுக்க வைத்தால் லயத்தில் தன்னை என்ன நினைப்பார்கள் என்று கேட்டாராம். ஒப்புக்கொண்டோம்.

சாமான் கட்டத் தொடங்கியாகிவிட்டது. ஏப்ரலில் அங்கே பின்னேரங்களில் இடியோடு மழை வரும். இரவில் குளிர் பத்துப் பாகைக்குக் கிட்ட இறங்கும். யாழ்ப்பாணத்து வெயிலில் காய்ந்த எங்களிடம் இருக்கிற கம்பளி உடுப்பு, ஆறு பேருக்கும் சேர்த்து இரண்டு சுவெற்றர். மற்றவை இரவல். கூடாரங்களும் இரவல், அதில் ஒன்றுக்குத் தடி இல்லை. கூடாரத்தை முற்றத்தில் அடித்துப் பரீட்சித்துப் பார்த்த அன்று அந்த அம்மா வந்து சுற்றிவரப் பார்த்தார். தையலை விரலால் தடவினார். "இது ஒழுகும்" என்றார். பிறகு உள்ளே போய், பரணில் இருந்து மடித்துக் கட்டியிருந்த ஒன்றைக் கொண்டுவந்து காரின் பின் சீற்றில் வைத்தார். யூஎன்எச்சீஆர் எழுத்து மங்கிப்போன தறப்பாள். "மேல இதைப் போடுங்கோ. நாலு மூலையும் இழுத்துக் கட்டவேணும், நடுவில தண்ணி தேங்கவிடக்கூடாது." எப்படி முடிச்சுப் போடுவது என்று மகளுக்கும் எங்களுக்கும் காட்டித்தந்தார். அவர் கை அந்த முடிச்சை மறக்கவே இல்லை.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. ஸ்பெயார் சில்லுக்கு ரியூப் கிடைக்கவில்லை. 5.25 - 16 அளவு. கடைகளில் கேட்டால் ட்ரக்ரர் முன்சில்லு ரியூபைக் காட்டுகிறார்கள். உங்கட வீட்டுக் கொட்டிலில், அப்பப்பாமாரின் பெட்டிகளில் எங்கேயாவது ஒன்று கிடந்தால் எங்களுக்குச் சொல்லுங்கோ. ஒட்டுப்போட்டதென்றாலும் பரவாயில்லை, இரண்டு ஒட்டுக்கு மேல் வேண்டாம்.